அவுட்போர்டு எஞ்சின் பேட்டரியை ஏற்றவில்லை: நான் தண்டம் அழுத கதை

படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினுக்கு நான் செய்த செலவு இது. புது பேட்டரி 260 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ரெக்டிபயர், அதாவது எஞ்சின் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றுகிற சாமான், 190 வெள்ளி. மெக்கானிக் கூலி இரண்டு தடவை, தடவைக்கு 40. மூன்று மாதத்தில் 530 வெள்ளி ஆற்றில் போனது. கடைசியில் கோளாறைக் காட்டிக் கொடுத்தது ஹார்ட்வேர் கடையில் 35 வெள்ளிக்கு வாங்கிய, வோல்ட் அளக்கிற மீட்டர். அதைச் சரி செய்ய ஆன செலவை அப்புறம் சொல்கிறேன், இப்போதே சொன்னால் என் மனைவி மாதிரி நீங்களும் சிரிப்பீர்கள்.

நான் இருப்பது மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங். தெலுக் இந்தானிலிருந்து பாகான் டத்தோ போகிற வழியில் சுற்றிலும் செம்பனைத் தோட்டமாக ஒரு சின்ன டவுன். பக்கத்திலேயே பெர்ணம் ஆறு, இந்தக் கரை பேராக், அந்தக் கரை சிலாங்கூர். அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். நான் தோட்டத்துப் பட்டறையில் வெல்டர். சனிக்கிழமை ராத்திரியானால் உடாங் காலா என்கிற பெரிய ஆற்று இறால் பிடிக்க ஆற்றுக்குப் போய்விடுவேன். மூன்று வருடத்துக்கு முன்னால் 17 அடி பைபர் போட் (படகு) ஒன்றும் அதோடு ஒரு 40 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் எஞ்சினும் பழசாக வாங்கினேன். சாவி திருப்பி ஸ்டார்ட் செய்கிற வகை. கயிறு இழுக்க வேண்டாம், தோள்பட்டைக்கு நிம்மதி என்று வாங்கியதே அதற்காகத்தான்.

ஒரு ராத்திரி, மணி ஒன்று இருக்கும். நானும் மச்சானும் ஆற்று வாய் பக்கம் நீப்பா மரங்களுக்கு ஓரமாக நங்கூரம் போட்டிருந்தோம். தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் அரை மணி நேரம் இருந்தால் சேற்றில் உட்கார்ந்து விடியும்வரை கொசுவுக்கு ரத்தம் கொடுக்க வேண்டியதுதான். சாவியைத் திருப்பினேன். டக். அவ்வளவுதான். இன்னொரு தடவை திருப்பினேன், அந்த டக்கூட இல்லை. லைட்டு மங்கிப் போய்த் தீக்குச்சி மாதிரி இருந்தது.

“என்னா மச்சான், போன மாசம்தானே புது பேட்டரி போட்ட?”

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எஞ்சின் மூடியைக் கழற்றி, பிளைவீலில் இருக்கிற வெட்டில் அவசரக் கயிற்றின் முடிச்சை மாட்டி, சுற்றி, இழுத்தோம். ஏழாவதோ எட்டாவதோ இழுப்பில் பிடித்தது. இதில் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கயிற்றைத் தொட வேண்டும். பிடித்த பிறகு ஆசைப்பட்டு மூடியைத் திரும்ப மாட்டப் போகக்கூடாது. திறந்த பிளைவீல் சுற்றும்போது சட்டை நுனியோ கயிற்று வாலோ மாட்டினால் கை போய்விடும். மூடி இல்லாமலே மெதுவாக வீட்டுக்கு வந்தோம்.

வருகிற வழியெல்லாம் எஞ்சின் அருமையாக ஓடியது. எனக்குக் குழப்பம் அங்கேதான் தொடங்கியது. பேட்டரி செத்தும் எஞ்சின் ஓடுகிறதே, அப்படியானால் எஞ்சினில் கோளாறு இல்லை, பேட்டரிதான் மட்டமான சரக்கு என்று முடிவு கட்டினேன். தப்பு. இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் தீப்பொறிக்கு வேண்டிய கரண்டைக் கொடுக்கத் தனிச் சுருள் இருக்கிறது. அதற்கு பேட்டரி தேவையே இல்லை. பேட்டரியை ஏற்றுகிற சுருள் வேறு. ஒன்று நன்றாக இருப்பதை வைத்து இன்னொன்றும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இந்த வேலை முறை சட்டென்று புரியும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் முன் விளக்கு பளிச்சென்று எரியும், சந்தியில் நின்றால் மங்கிவிடும். பிளைவீலின் உள்பக்கம் காந்தங்கள், நடுவில் அசையாமல் நிற்கிற செம்புச் சுருள், அதுதான் ஸ்டேட்டர். காந்தம் சுற்றச் சுற்ற சுருளில் கரண்டு பிறக்கிறது. எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு கரண்டு. அவுட்போர்டிலும் அதே கதைதான். ஆனால் சுருளிலிருந்து வருவது முன்னும் பின்னும் மாறி மாறிப் போகிற ஏசி. பேட்டரிக்கு ஒரே பக்கமாகப் போகிற டிசி வேண்டும். நடுவில் நின்று அதைத் திருப்பிவிடுகிறதுதான் ரெக்டிபயர். உள்ளே டையோடுகள், ஒருவழிப் பாதை மாதிரி. புது எஞ்சின்களிலும் பெரிய எஞ்சின்களிலும் இதோடு ரெகுலேட்டரும் சேர்ந்திருக்கும், வோல்டேஜை பதினாலரைக்கு மேல் போகவிடாது. என்னுடையது மாதிரி பழையதில் பெரும்பாலும் அது கிடையாது, சுருள் கொடுப்பதை அப்படியே தள்ளிவிடும்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது. மறுநாள் பேட்டரிக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர்கள் பொறுமையாக அதை ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, லோட் வைத்துப் பார்த்து, பேட்டரி நல்லா இருக்கு, உங்கள் எஞ்சின்தான் ஏற்றவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். சொன்னது சரிதான். அதற்கப்புறம் வேறொரு கடையில் எஞ்சினைப் பார்த்தவர், மீட்டரை எடுக்காமலே, “ரெக்டிபயர் போச்சு” என்றார். 40 வெள்ளி கூலி ஏற்கனவே கொடுத்திருந்தேன், இன்னொரு 40 கொடுத்து ரெக்டிபயரும் மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து அதே டக்.

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். என் போட்டில் ஆர்.பி.எம். காட்டும் டாக்கோ மீட்டர் இருக்கிறது. இந்த மூன்று மாதமும் அதன் முள் ஆடாமல் அசையாமல் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தது. பல அவுட்போர்டுகளில் டாக்கோவுக்குச் சிக்னல் போவதே இந்தச் சார்ஜிங் சுருளிலிருந்து வருகிற துடிப்பை எண்ணித்தான். முள் செத்துக் கிடந்தாலோ தாறுமாறாகக் குதித்தாலோ ஸ்டேட்டர், ரெக்டிபயர் பக்கம் சந்தேகப்படலாம். முள் நன்றாக இருந்தால் சுருளுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அந்த முள் என் மூக்குக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தது, நான்தான் காசை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் வயர்மேன் மாமாவிடம் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. தோட்டத்தில் அரசாங்கக் கரண்டு வருவதற்கு முன்னால் எஞ்சின் கொட்டகையில் ஜெனரேட்டர் ஓட்டியவர் அவர்தான். ராத்திரி பத்து மணிக்கு லயத்து வீடுகளின் லைட்டையெல்லாம் அணைத்துவிடுவார், சின்ன வயதில் அவரைத் திட்டாத பிள்ளை கிடையாது. நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. முடித்ததும் ஒரே கேள்வி.

“எத்தனை வோல்ட் காட்டுச்சு?”

“பார்க்கல மாமா.”

“பார்க்காம எப்படித் தம்பி சாமான் வாங்கின?”

சரி, வாங்கியது வாங்கியாயிற்று. அவர் சொன்ன வரிசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். நீங்களும் இதே வரிசையில் பாருங்கள். நடுவில் குதித்தால் என் கதிதான்.

முதலில் பேட்டரி. அரைகுறை பேட்டரியை வைத்துக்கொண்டு எஞ்சினைச் சோதிக்கவே முடியாது. வீட்டுச் சார்ஜரில் முழுசாக ஏற்றி, கழற்றி, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டில் பார்த்தால் பொய் வோல்டேஜ் காட்டும். ஓய்ந்த பிறகு 12.6, 12.7 காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது 12.7. பேட்டரிக் கடைக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஸ்டார்ட் செய்கிற நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். பத்துக்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம், அல்லது கேபிள் முனை தளர்ந்திருக்கிறது. எனக்கு 10.8 வரைதான் இறங்கியது. நல்ல பேட்டரி.

இந்த இடத்திலேயே பேட்டரி முனைகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கையால் திருகுகிற சிறகு நட்டு போட்டிருந்தால் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்பேனரில் முறுக்குகிற ஸ்டெயின்லெஸ் நட்டு போடுங்கள். அலையில் குலுங்கிக் குலுங்கி சிறகு நட்டு தளர்வதை நான் எத்தனையோ போட்டில் பார்த்துவிட்டேன்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது, தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். பட்டறையிலிருந்து நீல டிரம் ஒன்றை வாயை அகலமாக வெட்டிக் கொண்டுவந்து, தண்ணீர் உறிஞ்சும் ஓட்டை நன்றாக மூழ்கும்வரை நிரப்பினேன். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஊசியைக் கையில் பிடிக்காமல் முதலை வாய் கிளிப்பால் பேட்டரியிலேயே கவ்வவிட்டு, வயரை ஓரமாக ஒதுக்கிக் கட்டிய பிறகுதான் ஸ்டார்ட். சுற்றுகிற பிளைவீலுக்குப் பக்கத்தில் ஊசியைப் பிடித்துக்கொண்டு தடவுகிற வேலை வேண்டாம்.

மெதுவாக ஓடும்போது 12.5, 12.6. அது பரவாயில்லை, ஐட்லிங்கில் சின்ன எஞ்சின்கள் பெரிதாக ஒன்றும் கொடுக்காது. 2000 ஆர்.பி.எம். வரை ஏற்றினேன். ஏற வேண்டும், பதிமூன்றரையைத் தாண்ட வேண்டும். அதே 12.6தான், பத்தில் ஒரு பங்கு வோல்ட் கூடியதோடு சரி. டிரம்மில் நியூட்ரலில் இதற்கு மேல் முறுக்க வேண்டாம், சுமை இல்லாமல் கத்தவிடுவது எஞ்சினுக்கு நல்லதில்லை. இதே சோதனையில் பதினைந்துக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் அது வேறு நோய், ரெகுலேட்டர் இருக்கிற எஞ்சினில் ரெகுலேட்டர் போயிருக்கிறது, பேட்டரி கொதித்து அழுகிய முட்டை மாதிரி நாறும். அப்போது பக்கத்தில் சிகரெட்டோடு போகாதீர்கள்.

ஏறவில்லை என்பது உறுதி. இனி மூன்று இடம்தான். சுருள் கொடுக்கவில்லை, அல்லது ரெக்டிபயர் திருப்பவில்லை, அல்லது இரண்டும் நன்றாக இருந்து வழியில் எங்கோ போய்ச் சேரவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டேட்டரிலிருந்து ரெக்டிபயருக்குப் போகிற இரண்டு வயரைக் கழற்றினேன். என்னுடையதில் பச்சையும், பச்சையில் வெள்ளைக் கோடு போட்டதும். வேறு சில கம்பெனிகளில் இரண்டும் மஞ்சளாக இருக்கும். ஓம்ஸில் வைத்து இரண்டுக்கும் நடுவே பார்த்தால் ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். மலிவு மீட்டரில் இவ்வளவு சின்ன அளவு பார்க்கும்போது முதலில் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொடவிட்டு அது காட்டுவதைக் கழித்துக்கொள்ள வேண்டும். என் மீட்டர் சும்மாவே 0.3 காட்டியது, சுருளில் 0.8. ஆக சுருளுக்கு அரை ஓம். சரியான அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், சர்வீஸ் புத்தகம் கிடைத்தால் அதைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே. அங்கே தொடர்பே இருக்கக்கூடாது. ஏதாவது எண் காட்டினால் சுருளின் பூச்சு கருகி இரும்பில் தொடுகிறது என்று அர்த்தம். அப்புறம் அதே இரண்டு வயரையும் கழற்றியபடியே வைத்து, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஓடவிட்டேன். வேகம் ஏற ஏற எண்ணும் ஏறியது, 2000இல் முப்பதைத் தாண்டியது. வெறும் கையால் தொடாதீர்கள், சுரீரென்று அடிக்கும். ஏறுவது சீராக இருந்தால் சுருள் சுகமாக இருக்கிறது. டாக்கோ முள் மூன்று மாதமாகச் சொன்னதை மீட்டரும் சொன்னது.

ரெக்டிபயர்தான் புதுசாயிற்றே, அதை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். “புதுசுன்னா நல்லதுன்னு யாரு சொன்னா?” என்றார் மாமா. மீட்டரில் டையோடு குறி இருக்கும், அதில் வைத்து, கழற்றிய ரெக்டிபயரில் ஒவ்வொரு ஏசி காலுக்கும் சிவப்புக்கும், ஒவ்வொரு ஏசி காலுக்கும் கறுப்புக்கும் ஊசியை வைத்து, பிறகு ஊசிகளை மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 0.4லிருந்து 0.7க்குள், மறுபக்கம் ஒன்றும் காட்டாது. இரண்டு பக்கமும் காட்டினாலோ இரண்டு பக்கமும் காட்டாவிட்டாலோ அந்த டையோடு போய்விட்டது. புதுசு நன்றாக இருந்தது. ஏதோ ஒரு சபலத்தில், பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த பழைய ரெக்டிபயரையும் எடுத்து அளந்தேன். எட்டு அளவும் கச்சிதம். 190 வெள்ளிக்கு நான் வாங்கியது ஒரு ஸ்பேர் பார்ட்ஸ்.

ரெக்டிபயரைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் படகுத் துறையில் இது வாடிக்கையாக நடக்கிறது. ஒரு போட்டில் பேட்டரி இருக்கும், இன்னொன்றில் செத்திருக்கும். முதல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியைப் பிடுங்கிக் கொண்டுபோய் அடுத்த எஞ்சினை ஸ்டார்ட் செய்வார்கள். ஓடுகிற எஞ்சினில் பேட்டரியைக் கழற்றினால், சுருள் கொடுக்கிற கரண்டுக்குப் போக இடமில்லாமல் வோல்டேஜ் தாவும், ரெக்டிபயர் வெந்துபோகும். இரண்டு பேட்டரி மாற்றும் சுவிட்சை ஓடும்போது ஆஃப் பக்கமாகத் திருப்பினாலும் அதே கதிதான். அதைவிட மோசம், இருட்டில் ப்ளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது. கண் இமைக்கிற நேரம் போதும். கேபிளில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள், டார்ச் அடித்துப் பார்த்து மாட்டுங்கள்.

சரி, சுருள் நன்று, ரெக்டிபயர் நன்று. மிச்சம் வழி.

இங்கேதான் பழைய எஞ்சின் வாங்குவதன் லட்சணம் தெரிந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ரெக்டிபயரின் சிவப்பு வயரைத் தனியாக இழுத்து, ஸ்டார்ட்டர் கேபிளோடு சேர்க்காமல், எஞ்சினுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் குழாய் பியூஸ் வழியாக பேட்டரிக்குக் கொண்டுபோயிருந்தார். அதனால்தான் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை ஸ்டார்ட் அடிப்பதில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்தப் பாதை வேறு, இந்தப் பாதை வேறு. பியூஸை நான் முன்பே கழற்றிப் பார்த்திருந்தேன். உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை. மீட்டரைக் கூவும் குறியில் வைத்து, ரெக்டிபயர் முனையிலிருந்து பேட்டரி முனைவரை தொட்டும் பார்த்தேன். பீப் என்று கூவியது. வயர் நல்லா இருக்கு என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “கம்பி தொடுதான்னு கேட்காத தம்பி, சுமை தூக்குதான்னு கேளு.”

அந்தக் கூவலை நம்பக்கூடாது. பல மீட்டர்களில் முப்பது, நாற்பது ஓம் தடை இருந்தால்கூடக் கூவிவிடும். மீட்டர் அனுப்புவது எறும்பு தூக்குகிற அளவு கரண்டு, ஒரு நூல் கம்பி தொட்டுக்கொண்டிருந்தாலும் அது போய்விடும். உண்மையான கரண்டு போகும்போதுதான் அடைப்பு தெரியும். ஒழுகாத குழாய் என்பதற்காகத் தண்ணீர் வேகமாக வரும் என்று சொல்ல முடியுமா?

அதனால் எஞ்சின் ஓடும்போதே பாதையில் ஒவ்வொரு இடமாக வோல்டேஜ் பார்த்தோம். கறுப்பு ஊசி பேட்டரி மைனஸில் கவ்வியபடியே இருக்கட்டும். சிவப்பு ஊசியை ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிறுத்தி, அடுத்த இடத்தில் கவ்வவிட்டு, ஓடவிட்டு, எழுதிக்கொண்டோம். பேட்டரி ப்ளஸில் 12.6. பியூஸ் கூட்டின் பேட்டரிப் பக்கம் 12.6. பியூஸ் கூட்டின் எஞ்சின் பக்கம் 21!

நான் மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். மறுபடியும் 21. நடுவில் இருப்பது இரண்டு அங்குல பிளாஸ்டிக் கூடு, அதற்குள் எட்டு வோல்ட்டுக்கு மேல் விழுங்குகிறது. ரெகுலேட்டர் இல்லாத எஞ்சின், தள்ளுகிற கரண்டுக்குப் போக வழி இல்லாததால் அந்தப் பக்கம் வோல்டேஜ் முட்டிக்கொண்டு ஏறியிருக்கிறது. பேட்டரிக்கு வந்தது சொட்டுச் சொட்டாக.

கூட்டைத் திருகித் திறந்து கண்ணாடியை உருவி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். பியூஸை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் துருப்பிடித்து, அடியில் பச்சைப் பச்சையாகச் செம்புக் களிம்பு. முன்பு பார்த்தபோது கண்ணாடியைத்தான் பார்த்தேன், அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்கவில்லை. ஆற்று வாய் உப்புக் காற்றுக்கு இது சாதாரணம்.

நல்ல பாதையில், கரண்டு ஓடும்போது, ரெக்டிபயர் ப்ளஸ்ஸுக்கும் பேட்டரி ப்ளஸ்ஸுக்கும் நேரடியாக மீட்டரை வைத்தால் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. மைனஸ் பக்கமும் அப்படித்தான், எஞ்சின் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸ் வரை. மைனஸை யாரும் பார்ப்பதில்லை. ப்ளஸ்ஸுக்கு இருக்கிற மரியாதை அதற்குக் கிடையாது, ஆனால் துரு இரண்டையும் சமமாகத்தான் தின்னும்.

புதுக் கூடு 4 வெள்ளி 50 காசு. தட்டை பியூஸ் போடுகிற, ரப்பர் மூடி உள்ள வகை. வயரும் புதுசாக, செம்புக்கு மேல் வெள்ளீயம் பூசியது. முனைகளை அமுக்கி, உள்ளே பசை இருக்கிற சூட்டுக் குழாய் போட்டுச் சுருக்கினேன். கூட்டை எஞ்சின் பக்கமிருந்து எடுத்து பேட்டரிக்குப் பக்கத்தில் உயரமான இடத்தில் வைத்தேன். வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் பெரிய கரண்டு வருவது பேட்டரியிலிருந்துதான், பியூஸ் அதற்குக் கிட்டே இருந்தால்தான் மொத்த வயரையும் காப்பாற்றும். டிரம்மில் ஓடவிட்டேன். 2000இல் 13.7. சாயங்காலமே ஆற்றில் இறக்கி, மச்சானை ஓட்டச் சொல்லி, நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல வேகத்தில் 14.4. மச்சான் வேகத்தைக் குறைக்கவே மனசில்லாமல் சபாக் பெர்ணம் பக்கம்வரை போய்த் திரும்பினான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை விடியற்காலை ஸ்டார்ட் அடித்தது, ஆனால் சோம்பலாக. பேட்டரி 12.2. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடியும் மாமா. இந்தத் தடவை மீட்டர் வேண்டாம், பென்சில் எடு என்றார்.

என் எஞ்சின் சுருள் 80 வாட். பன்னிரண்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர், அதுவும் முழு வேகத்தில்தான். ராத்திரி என் செலவு: 20 வாட் எல்இடி லைட் இரண்டு, சேர்த்து மூன்றேகால் ஆம்பியர். இறாலை உயிரோடு வைக்கிற காற்றுப் பம்பு ஒரு ஆம்பியர். மீன் பார்க்கும் கருவி அரைக்கு மேல். ஆக ஐந்து ஆம்பியர் பக்கம், ஆறு மணி நேரம் நங்கூரத்தில், 30 ஆம்பியர்-மணி. வரவு: போக 25 நிமிடம், வர 25 நிமிடம், எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஐந்தாறு ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் ராத்திரிக்கு ராத்திரி 25 துண்டு விழுகிறது. சார்ஜிங்கில் ஒரு கோளாறும் இல்லாமலே மூன்றாவது சனிக்கிழமை செத்துப்போகும். சம்பளத்தைவிடக் கடைக் கணக்கு பெரிதாக இருந்த அந்தக் காலத்துத் தோட்டக் குடும்பம் மாதிரி.

வேகமாக ஓடித் திரிகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். நங்கூரம் போட்டு உட்கார்கிற எங்களுக்கு எஞ்சினை நம்பி லாபமில்லை. இப்போது லைட்டுக்கும் பம்புக்கும் தனி பேட்டரி, எஞ்சினை ஸ்டார்ட் செய்கிற பேட்டரியை அதற்குத் தொடுவதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் சார்ஜரில் மாட்டிவிடுகிறேன். பாதி வயிற்றோடு வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் வராது. ரெகுலேட்டர் இல்லாத எஞ்சின் என்பதால் மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியையே வைத்திருக்கிறேன். நீண்ட ஓட்டத்தில் வோல்டேஜ் பதினைந்தைத் தொடும், தண்ணீர் வற்றும், மாதம் ஒரு தடவை திறந்து பேட்டரித் தண்ணீர் ஊற்றினால் போதும். மூடி சீல் வைத்த வகைக்கு இந்த எஞ்சின் ஆகாது.

திருட்டுக் கரண்டையும் ஒரு நாள் பார்த்தேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி மைனஸ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். மீட்டர் இப்படி இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள், ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்டில் மீட்டருக்குள்ளே இருக்கிற பியூஸ் போய்விடும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பழைய ரெக்டிபயர் இன்னும் பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறது. போன வாரம் பாகான் டத்தோவில் இருக்கிற சித்தப்பா மகன் போன் போட்டான், அவன் எஞ்சினும் பேட்டரியை ஏற்றவில்லையாம். எத்தனை வோல்ட் காட்டுது என்று கேட்டேன்.

“அதெல்லாம் பார்க்கலண்ணே. புது பேட்டரி வாங்கிட்டேன், வழியில வந்துக்கிட்டிருக்கேன்” என்றான்.